நாலும் நாற்பதும்

அத்தியாயம் பதினேழு

தேங்காய்க் கத்தியின் முனையை ஐஸுக்குள் குத்தி நெம்பினாள் செல்வநாயகி. வெள்ளைப் பாளம் ஒன்று விண்டு குசினி நிலத்தில் விழுந்து சிதறியது. இன்னும் ஒரு குத்து.

"பார்த்துக் குத்து பிள்ளை! உள்ளுக்கை குழாய் ஓடுது. பட்டால் பிரிட்ஜே போச்சு!" பின்னால் நின்ற மாமி இரத்தினம்மா பதறினாள்.

"பிரிட்ஜ் போனால் போகட்டும் மாமி. கமலா போகப்போறாள்!"

சொன்ன பிறகுதான் வாயில் வந்தது என்னவென்று அவளுக்கே உறைத்தது. மாமி சீலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

அறைக்குள்ளிருந்து அந்த மூச்சு கேட்டது. ஓடிக் களைத்தவள் இளைப்பது போன்ற நீளமான, ஆழமான மூச்சு. ஆனால் கமலாவதி நேற்றுப் பின்னேரத்திலிருந்து பாயை விட்டு எழும்பவில்லை.

நேற்று கிணற்றடியில் அவள் மயங்கி விழுவதற்குச் சற்று முன்புதான் பெற்ற தாயே அவள் கன்னத்தில் அறைந்திருந்தாள். மருதனார்மடச் சந்தையிலிருந்து வந்த கறுத்தக்கொழும்பான் மாம்பழத்தை ஒளித்துத் தின்றாளாம். "வாய் மணக்குது, பொய் சொல்லாதை!" என்ற தாயின் முன்னால் நின்ற பெண், வாளியோடு சரிந்து விழுந்தாள்.

பத்தொன்பது வயது. பத்து வயதிலேயே வந்த சீனி வியாதி. காலையும் மாலையும் ஊசி. மருந்தை அனுப்புகிறவன் கப்பலில் இருக்கும் அண்ணன் கனகலிங்கம். ஊசி போடுகிறவள் அவன் மனைவி செல்வநாயகி. மருந்தைக் காவல் காக்கிறவள் தாய் இரத்தினம்மா. பெட்டியில் இங்கிலீசில் போட்டிருப்பதை வாசித்துச் சொல்கிறவர் தகப்பன், ஓய்வுபெற்ற தபாலதிபர் தில்லைநாதன். ஒரு பெண்ணின் உயிரை நாலு பேர் நாலு மூலையில் பிடித்துக்கொண்டிருந்த வீடு அது.

நேற்று இரவும் ஊசி போட்டாயிற்று. இன்று விடியவும் போட்டாயிற்று. கொஞ்சமும் கேட்கவில்லை. திறந்திருந்த போத்தல் பழுதாகியிருக்கும், புதிதாக ஒன்றை உடைப்போம் என்றுதான் செல்வநாயகி மாமியிடம் சாவியை வாங்கினாள். மருந்து எந்தத் தட்டிலும் இல்லை. மாமி மேலே ஐஸ் பிடிக்கிற சிறு அறையைக் காட்டினாள்.

கடைசிப் பாளமும் விண்டது. போத்தல் கைக்கு வந்தது.

கவிழ்த்துப் பார்த்தாள். உள்ளே இருந்தது அசையவில்லை. குலுக்கினாள். கல்.

"மாமி, இது உறைஞ்சுபோய்க் கிடக்குது."

"ஓம். கொஞ்சநேரம் தலைப்பிலை சுத்தி வைச்சிருந்தால் இளகிவிடும். ஒவ்வொரு நாளும் அப்பிடித்தானே இளக்கி உனக்குத் தாறனான்?"

"ஒவ்வொரு நாளுமோ?"

"புதுப் பெட்டி உடைச்ச நாளிலை இருந்து."

செல்வநாயகி விடிய ஊசி போட்ட பழைய போத்தலைத் தேடி எடுத்தாள். யன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள். எப்போதும் பால் போலக் கலங்கி இருக்கும் மருந்துதான். இன்று கண்ணாடியின் உட்புறத்தில் ரவை ஒட்டியது மாதிரி வெள்ளைத் துகள்கள். குலுக்கக் குலுக்க அவை கரைய மறுத்தன.

அந்தப் பிரிட்ஜைப் பற்றி மயிலிட்டி ஊரில் ஒரு பகிடி உண்டு. 'இரத்தினம்மாவின்ரை மூலஸ்தானம்' என்பார்கள். காலையும் மாலையும் மட்டும்தான் நடை திறக்கும். இடையில் யாராவது தண்ணீர்ப் போத்தலுக்குக் கை வைத்தால், "குளிர் வெளியிலை போகுது!" என்று அடுத்த ஒழுங்கைக்குக் கேட்கும். கதவு இறுகப் பிடிக்கிறதா என்று கடதாசித் துண்டைச் செருகி இழுத்துப் பார்ப்பாள் மாமி. சுடச்சுடப் பாலை உள்ளே வைத்த குற்றத்துக்கு மாமா வாங்கிய பேச்சு ஊரறிந்தது. பொழுதுபட ஊர் முழுக்க விளக்குப் போட்டு, கரண்ட் மெலிந்து, பிரிட்ஜின் மோட்டார் முனகும்போது, மாமி தன் வீட்டு விளக்குகளை அணைத்துவிட்டு இருட்டில் இருப்பாள்.

நடுத்தட்டில் ஒரு வெப்பமானி தொங்கும். கனகலிங்கம் முதற் பயணத்தில் கொண்டுவந்தது. நாற்பதாவது கோட்டில் கமலா விளையாட்டாகச் சிவப்புக் கியூட்டெக்ஸ் நகப்பூச்சால் ஒரு பொட்டு வைத்திருந்தாள். ஒன்பது வருடமாக மாமி அந்தப் பொட்டை விட்டுப் பாதரசம் ஏறவும் விட்டதில்லை, இறங்கவும் விட்டதில்லை.

அப்படிப்பட்டவள் மருந்தைக் கொண்டுபோய் ஐஸுக்குள் திணிப்பாளா?

"ஏன் மாமி மேலை வைச்சனீங்கள்? வழக்கமா நடுத்தட்டிலைதானே?"

"நான் என்ன, சும்மா வைச்சனானோ? இந்த முறை தம்பி அனுப்பினது புதுச்சாதி மருந்து. பெட்டியிலை டிகிரி போட்டிருக்குது. மாமா வாசிச்சுச் சொன்னவர், ரெண்டுக்கும் எட்டுக்கும் இடையிலை வைக்கவேணுமாம். நான் நடுத்தட்டிலை தொங்கிற அந்தக் குழாயைப் பார்க்கிறன், நாப்பதிலை நிக்குது! எனக்கு நெஞ்சு பதறிப்போச்சு. திருகியைக் கடைசிமட்டும் திருப்பினன். இறங்குது, ஆனால் எட்டுக்கு வருகுதில்லை. குழாயைக் கொண்டுபோய் ஐஸ் அறைக்கை வைச்சன். அங்கைதான் எட்டுக் காட்டினது."

குரலில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது. செல்வநாயகிக்கு எங்கே பிழை என்று சொல்லத் தெரியவில்லை. எங்கோ பிழை என்பது மட்டும் தெரிந்தது.

"நான் அப்போதிக்கரி ஐயாவிட்டைப் போட்டு வாறன்."

"ஊரடங்குக்கையோ? உனக்கென்ன விசரே!"

பட்டணத்தில் கலவரம் என்று நேற்றுப் பின்னேரம் போட்ட ஊரடங்கு இன்னும் எடுபடவில்லை. நாளைக்கு விடியத்தான் தளர்த்துவார்களாம், அதுவும் நிச்சயமில்லை என்றது ரேடியோ. கமலாவைப் பட்டணத்துக்குக் கொண்டுபோகப் பாஸ் கேட்டு ஆமிக்காரரிடம் நடந்த கார்க்கார இளையதம்பி, பாஸுக்குப் பதிலாக முதுகில் அடி வாங்கிக்கொண்டு திரும்பியிருந்தான்.

"ரோட்டாலை போகமாட்டன் மாமி. வேலிப் பொட்டுகளாலை போறன்."

வளவுக்கு வளவு வேலியில் ஆள் நுழையப் பொட்டு இல்லாத ஊர் அதுவல்ல. குனிந்து நுழைந்தாள், நிமிர்ந்து ஓடினாள், மறுபடி குனிந்தாள். ஒரு பொட்டில் கிளுவை முள் தோளைக் கிழித்தது. கடற்கரை வீதியில் ஜீப் ஒன்று உறுமிக்கொண்டு போக, பனங்கூடலுக்குள் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வாயைக் கட்டிய ஊர். நாய்கள்கூடக் குரைக்கவில்லை.

ஒருகாலத்தில் ஊருக்கு மருந்து கொடுத்த அப்போதிக்கரி அடைக்கலநாதன் பின் விறாந்தையில் கோழிக்குக் குருணல் போட்டுக்கொண்டிருந்தார். பாரிசவாதம் இழுத்த இடது காலைக் கதிரையில் தூக்கி வைத்திருந்தார்.

"ஊரே அடங்கிக் கிடக்குது, நீர் மட்டும் அடங்கேல்லையோ?" என்று சிரித்தவர், அவள் முகத்தைக் கண்டதும் சிரிப்பை நிறுத்தினார். "கமலாவுக்கோ?"

அவள் மூச்சிரைக்கச் சொன்னாள். போத்தலை நீட்டினாள். அவர் அதை வெயிலில் பிடித்து, துகள்களைப் பார்த்துத் திருப்பிக் கொடுத்தார்.

"மூச்சு எப்பிடி?"

"இழுத்து இழுத்து விடுறாள். வாய் மாம்பழம் மாதிரி மணக்குது ஐயா. ஒளிச்சுத் திண்டிட்டாள் எண்டு மாமி அடிச்சும் போட்டா."

"அது மாம்பழமில்லைப் பிள்ளை." அவர் குரல் தாழ்ந்தது. "ஊசி கேளாமல் வியாதி முத்தினால் மூச்சு அப்பிடித்தான் மணக்கும்."

அவர் காலைக் கதிரையிலிருந்து கீழே இறக்கி வைத்தார்.

"உங்கடை வீட்டுக் குழாய் எவ்வளவு காட்டுறது வழமையா?"

"நாப்பது."

"அப்ப அது பழைய கணக்கு. பெட்டியிலை போட்டிருக்கிறது புதுக் கணக்கு. ரேடியோவிலை இப்ப முப்பத்திரண்டு டிகிரி வெயில் எண்டு சொல்லேக்கை நீர் என்ன, போர்வை எடுத்துப் போர்க்கிறனீரோ? பழைய கணக்கிலை முப்பத்திரண்டு எண்டால் தண்ணி ஐஸாகிற இடம். ரெண்டுக்கும் டிகிரி எண்டுதான் பேர். புதுக் கணக்கிலை நாலு, பழைய கணக்கிலை நாப்பது. நாலும் நாப்பதும் ஒண்டுதான் பிள்ளை."

"அப்ப..."

"அப்ப உங்கடை மாமி ஒன்பது வருஷமாச் சரியாத்தான் வைச்சிருந்தவ. ஒரு இம்மியும் பிசகேல்லை. இந்த மாசம்தான் திருத்தப்போய்ப் பிழைச்சுது."

"இனி இளக்கி, வடிவாக் குலுக்கிப் போட்டால்?"

"உறைஞ்ச மருந்து இளகினாலும் மருந்தாகாது. பச்சைத் தண்ணியைக் குத்தின மாதிரித்தான்." கோழிகள் வெறுங்கையைக் கொத்தின. அவர் கையை எடுத்துக்கொண்டார். "இதையெல்லாம் போன கிழமையே நான் தில்லையருக்கு வடிவா விளங்கப்படுத்தினனானே! அவர் வீட்டிலை சொல்லேல்லையோ?"

"ஆருக்கு?"

"உங்கடை மாமாவுக்கு. இதிலை, இந்தக் கதிரையிலை இருந்துதான் கேட்டவர். ஐஸ் பிடிச்ச மருந்து பாவிக்கலாமோ எண்டு. கூடாது, அவ்வளவத்தையும் எறியுங்கோ எண்டு சொன்னனான். தலையாட்டிப்போட்டுப் போனவர்."

செல்வநாயகி அவர் காட்டிய கதிரையைப் பார்த்தாள். மாமாவுக்குத் தெரியும். ஒரு வாரமாகவே தெரியும். தெரிந்துகொண்டு, அவள் ஊசி ஏற்றும்போதெல்லாம் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாரா?

"ஐயா, உங்களிட்டை ஏதும்...?"

"என்னட்டை இருந்தால் நீர் கேட்கும்வரைக்கும் வைச்சிருப்பனோ? பொறும். உங்கடை பார்சல் வரேக்கை சீனி வியாதிக்கார லூர்த்தம்மாவுக்கும் ஒரு போத்தல் குடுத்ததெல்லோ? அவவிட்டைப் பிரிட்ஜ் இல்லை. பானையிலை ஈரமணல் போட்டு அதுக்குள்ளைதான் வைச்சிருக்கிறவ. அது உறையாது. அது நல்ல மருந்து. ஓடும். இண்டைக்குப் பின்னேரத்துக்குள்ளை ஏத்தினால்..."

மிச்சத்தை அவர் முடிக்கவில்லை. அவள் கேட்க நிற்கவும் இல்லை.

லூர்த்தம்மாவின் வீடு மூன்று வேலிக்கு அப்பால், கடலோரம். வலை பின்னிக்கொண்டிருந்தவள், பொட்டுக்குள்ளால் தலையை நீட்டியவளைக் கண்டு நெஞ்சில் கையை வைத்தாள்.

"மாதாவே! ஆமிக்காரன் எண்டு நினைச்சிட்டன். என்ன பிள்ளை, முள்ளுக் கிழிச்சு இரத்தம் வடியுது."

"லூர்த்தம்மாக்கா, உங்கடை ஊசி மருந்து கிடக்குதோ? எங்கடையெல்லாம் உறைஞ்சு பழுதாப்போச்சு. கமலா கிடக்கிற கிடை..."

"என்ன? இரத்தினம்மாவின்ரை மூலஸ்தானத்திலை இருந்ததோ பழுதாப்போச்சு? என்ரை மண்பானையைப் பார்த்து எத்தினை தரம் முகம் சுழிச்சவ!" என்று தொடங்கியவள், செல்வநாயகியின் கண்களைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டாள். "அது என்னட்டை இல்லைப் பிள்ளை."

"முடிஞ்சுதோ?"

"தொடவேயில்லை. மூடிகூடத் திறக்கேல்லை. முந்தநாள் உங்கடை மாமா வந்து கேட்டவர். அந்த மனிசன் ஒரு நாளும் என்ரை படலை திறந்தவரில்லை. கை கூப்பிக்கொண்டு நிண்டவர். எனக்குக் குளிசையோடை சமாளிக்கலாம், பச்சைப்பிள்ளைக்கு உதவட்டும் எண்டு எடுத்துக் குடுத்தன். வீட்டிலை ஒருத்தருக்கும் சொல்லாதை எண்டும் சொன்னவர்."

ஆகவே போத்தல் இருக்கிறது. வீட்டிலேயே இருக்கிறது!

திரும்பி ஓடும்போது வேலியும் தெரியவில்லை, முள்ளும் தெரியவில்லை. முந்தநாள் வாங்கிய மருந்து. மூடி திறக்காத மருந்து. மாமா அதை எங்கோ ஒளித்து வைத்திருக்கிறார். ஏன் ஒளித்தார், எதற்காக வாயைத் திறக்கவில்லை என்பதெல்லாம் பிறகு. முதலில் போத்தல். முதலில் ஊசி.

பொழுது சாயத் தொடங்கியிருந்தது. தில்லைநாதன் முன்விறாந்தையில் சாய்மனைக் கதிரையில் இருந்தார். உள்ளே மாமி மகளின் தலைமாட்டில் இருந்து, ஈரத்துணியால் உதட்டைத் துடைத்துக்கொண்டிருந்தாள். மூச்சு இப்போது முன்னையிலும் ஆழமாக, முன்னையிலும் மெதுவாக வந்தது.

"மாமா! லூர்த்தம்மாக்காவிட்டை வாங்கின போத்தல் எங்கை?"

அவர் திடுக்கிட்டு எழுந்தார். மறைக்க முயலவில்லை. அவர் முகத்தில் ஒரு வெளிச்சம்கூட வந்தது.

"ஏன் பிள்ளை, அதைத்தானே போட்டுக்கொண்டிருக்கிறாய்? உன்ரை மாமி திறந்த நேரம் பார்த்துப் பிரிட்ஜிலை வைச்சிட்டனே. கீழ்த்தட்டிலை. முன்னுக்கு, கண்ணிலை படுறமாதிரி. அதுதானே முதலிலை கைக்கு வரும்?"

செல்வநாயகி குசினிக்குள் பாய்ந்தாள். சாவி கதவிலேயே இருந்தது. கீழ்த்தட்டில் கத்தரிக்காய். ஒரு சட்டி மோர். கறிவேப்பிலை சுற்றிய ஈரத்துணி. எல்லாவற்றையும் வாரி நிலத்தில் எறிந்தாள்.

"அதிலை என்னத்தைத் தேடுறாய்?" மாமி வாசலில் வந்து நின்றாள்.

"ஒரு போத்தல் மாமி. கீழ்த்தட்டிலை இருந்த போத்தல்."

"ஓ, அதுவோ." மாமியின் குரலில் எந்தச் சந்தேகமும் இல்லை. "ஆரோ வெளியிலை எடுத்துப்போட்டு மறந்துபோய்க் கீழை வைச்சிட்டினம் எண்டு நினைச்சன். முந்தநாள் பின்னேரமே நான் எடுத்து மற்றதுகளோடை உள்ளுக்கை வைச்சிட்டன். உனக்குத்தானே தெரியும், ஒரு போத்தலும் இடம் மாறிக் கிடக்க நான் விடமாட்டன் எண்டு."

செல்வநாயகி மேல் அறையைத் திறந்தாள். எல்லாம் ஒரே மாதிரிப் போத்தல்கள். எல்லாம் கல். எது மண்பானையிலிருந்து வந்தது என்று இனி யாருக்கும் தெரியப்போவதில்லை. தெரிந்தும் பயனில்லை.

அவள் அப்படியே நிலத்தில் குந்தினாள். திறந்த கதவிலிருந்து குளிர் வழிந்து முகத்தில் பட்டது. முதல் தடவையாக, கதவைச் சாத்தச் சொல்லி மாமி கத்தவில்லை.

"என்ன பிள்ளை? அதிலை என்ன? சொல்லன்!"

செல்வநாயகி சொன்னாள். நாலையும் நாற்பதையும் சொன்னாள். மாம்பழ வாசத்தைச் சொன்னாள். சொல்லாமல் விட ஒரு வழியும் இருக்கவில்லை. இரத்தினம்மா கேட்டுக்கொண்டே நின்றாள். அழவில்லை. மகளை அறைந்த தன் வலது கையை மட்டும் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு சுவரைப் பிடித்துப் பிடித்து அறைக்குள் போய், கமலாவின் காலடியில் விழுந்தாள்.

தில்லைநாதன் குசினி வாசலில் நின்றார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டார்.

"மாமா." செல்வநாயகி எழும்பவில்லை. அவள் குரல் அவளுக்கே அந்நியமாக இருந்தது. "போன கிழமை உங்களுக்குத் தெரியும். மாமியிட்டை ஒரு சொல்லு. 'ஐஸுக்குள்ளை வைக்காதை.' அவ்வளவுதான். ஏன் சொல்லேல்லை?"

"திங்கட்கிழமை பட்டணம் போய் வேறை மருந்து எடுத்து வந்து, பழசை எறிவம் எண்டு நினைச்சன். அதுவரைக்கும் லூர்த்தம்மாவின்ரை போத்தல் காணும். ஊரடங்கு வருமெண்டு ஆர் கண்டது?"

"நான் அதைக் கேட்கேல்லை. ஏன் சொல்லேல்லை?"

"சொன்னால் உன்ரை மாமி பெட்டியைக் கொண்டுவந்து நீட்டுவா. திருப்பி வாசியுங்கோ எண்டு கேட்பா."

"கேட்டால் என்ன? வாசிக்கிறதுதானே! இந்த வீட்டிலை இங்கிலீசு வாசிக்கத் தெரிஞ்சது நீங்கள் ஒருத்தர்தானே மாமா!"

தில்லைநாதன் கையை நீட்டி நிலைக்கதவைத் தேடினார். முதலில் அது அகப்படவில்லை. காற்றில் இரண்டு தரம் துழாவி, மூன்றாம் தரம்தான் மரத்தைப் பிடித்தார். செல்வநாயகி நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தாள். அவர் அவளைத்தான் பார்த்துக்கொண்டு நின்றார். ஆனால் அவர் பார்வை அவள் தலைக்கு ஒரு சாண் பக்கத்தில், திறந்து கிடந்த வெள்ளைக் கதவில் நின்றது.

"கண் தெரியேல்லைப் பிள்ளை," என்றார் அவர். "ரெண்டு வருஷமாச்சு. தடுமாறாமல் நடக்கப் பழகியிட்டன், எழுத்துத்தான் ஏலாமல் போச்சு. அந்தப் பெட்டியிலை ரெண்டும் எட்டும் மட்டும்தான் பெரிய எழுத்திலை இருந்தது. மிச்சம் ஒண்டும் நான் வாசிக்கேல்லை."